காலி என்று காட்டிய இடம்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றைக்குச் சென்னியப்பனுக்கு வெற்றி. கொண்டாடட்டும்.

சென்னியப்பன் எங்கள் ஸ்கேன் சென்டரின் மேனேஜர். அதற்கு அவருக்கு இருக்கும் ஒரே தகுதி, டாக்டர் பரணீதரனின் மச்சான் என்பது. முன்பு பஞ்சு குடோன் வைத்திருந்தார். மின்கசிவில் அது எரிந்துபோனது. அன்றிலிருந்து, சாயங்காலம் சூடம் காட்டிவிட்டுத் தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினால்தான் அவருக்கு வீட்டில் சோறு இறங்குகிறதாம். படங்களைச் சேமிக்கும் சர்வர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு. முதலில் சர்வரை முறையாக அணைத்துவிட்டு அப்புறம் மெயினை இறக்குங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதானுங்களே தம்பி" என்பார்.

ஒன்றில்லை. ஒரு படத்தை டிஸ்கில் எழுதும்போது இரண்டு இடத்தில் குறிக்க வேண்டும். இன்னின்ன கட்டங்கள் எனக்குச் சொந்தம் என்று அந்தக் கோப்பின் பக்கத்தில் ஒரு குறிப்பு. அந்தக் கட்டங்கள் இனிமேல் காலி இல்லை என்று காலிக் கணக்கில் இன்னொரு குறிப்பு. முதலாவதை எழுதி இரண்டாவதை எழுதுவதற்குள் சென்னியப்பன் மெயினை இறக்கினால் இரண்டும் இரண்டு கதை சொல்லும். காலிக் கணக்கின் ஒரு பக்கம் எழுதும்போதே பாதியில் நின்றால், அந்தப் பக்கத்திலிருக்கும் பழைய படங்களின் கட்டங்களும் காலி என்று காட்டும். அதனால்தான் காலையில் சர்வர் எழுந்ததும் ஒவ்வொரு கோப்பிடமும் போய், உன் கட்டங்கள் எவை என்று விசாரித்து, காலிக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகத்தான் செய்யும்.

ஆனால் திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடுகிறது. வாரத்தின் முதல் ஸ்கேன் அதற்கு முன்னால் பதிவாகிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். இல்லாவிட்டால் அந்த வாரமே விளங்காது. இன்று காலை ஒரு வயிற்றுவலிக்காரரை வெறும் வயிற்றோடு படுக்க வைத்துவிட்டு, சென்னியப்பன் என் முதுகுக்குப் பின்னால் நின்று காலண்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வரோ இன்னும் விசாரணையில் இருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. இந்தச் செக்கிங் வேண்டாம் என்றால் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"நிறுத்திப்போடுங்க" என்றார்.

நிறுத்திப்போட்டேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மத்தியானம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நல்ல நெய்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சர்வர் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. தம்பிக்கு நல்ல கைராசி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் சென்னியப்பன். எம்.எஸ்ஸி. படித்ததும் பதினாலு வருஷ அனுபவமும் போய்க் கடைசியில் கைராசி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. மெஸ்ஸில் சாப்பாடு. ரசம் என்ற பெயரில் வெந்நீர் ஊற்றினான்.

டாக்டரிடம் மறுபடியும் புது சர்வர் கேட்டேன். புதியவற்றில் டைரி மாதிரி ஒன்று உண்டு. காலிக் கணக்கில் என்ன மாற்றப் போகிறோம், கோப்பில் என்ன மாற்றப் போகிறோம் என்று முதலில் டைரியில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் மாற்றும். நடுவில் கரண்ட் போனாலும் டைரியைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நான் எழுதும் டைரியைப் போல எல்லாம் நடந்து முடிந்தபிறகு உட்கார்ந்து எழுதுகிற கதை இல்லை. டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, இப்போதுதான் வேகமாக எழுந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு என்று கேட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே அச்சு.

செப்டம்பர் 9, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டனுப்பினார். திரையில் ஒரு பெரியவரின் வயிறு. பாதிப் படம் ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே யாருடைய பல்வரிசையோ இளித்துக்கொண்டிருக்கிறது. நோயாளி அசைந்துவிட்டாரா என்று டாக்டர் என்னிடம் கேட்கிறார். எத்தனை வருஷம் படித்த மனுஷர். தொப்புளுக்குக் கீழே பல் முளைக்கும் அளவுக்கு யாராவது அசைய முடியுமா.

எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. டாக்டருக்குப் புரிகிற மாதிரி லாட்ஜை வைத்து விளக்கினேன். லாட்ஜில் சாவி மாட்டும் பலகை இருக்கிறது. சாவி தொங்கினால் அறை காலி என்று அர்த்தம். வருகிறவருக்கு மேனேஜர் பலகையைப் பார்த்துத்தான் அறை கொடுப்பார். அறையில் ஆள் இல்லாமல் பலகையில் சாவி மட்டும் இல்லை என்றால் பாதகம் இல்லை, ஒரு அறை சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது பலகையில் சாவி தொங்கினால், அதே அறைக்கு இன்னொருவரை அனுப்பிவிடுவார்கள். டிஸ்கில் இன்னும் மோசம். அடுத்து வருகிறவன் முதலில் இருந்தவனை அழித்துவிட்டுத்தான் படுப்பான்.

இப்படிப் பலகை கெட்டுப்போனால் ஒரே வழிதான். லாட்ஜை மூடிவிட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே ஆள் உண்டா என்று பார்க்க வேண்டும். இத்தனை நாள் குப்பை சேர்ந்துவிட்டதால் ஒரு முழு நாள் சர்வரை நிறுத்த வேண்டும், அதுவரை புதிதாக ஒரு படம்கூட எழுதக் கூடாது என்றேன்.

சென்னியப்பன் குறுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இலவச முகாமாம். பேனர் அடித்தாகிவிட்டதாம். இப்போது மூடினால் ஊரில் என்ன பேசுவார்கள், முகாம் முடியட்டும் தம்பி என்றார். டாக்டரும் தலையாட்டினார்.

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கென்ன. பலகை எப்படிக் கெட்டது என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காலையில் ஒரு பெண் வந்தாள். கலாமணி. முப்பத்தைந்து வயது இருக்கும். பனியன் கம்பெனியில் பீஸ் பார்க்கும், அதாவது துணியில் ஓட்டை இருக்கிறதா என்று தேடும் வேலையாம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்து நின்றாள்.

"சிடி போடற பையனப் பாருங்கன்னாங்க. நீங்கதானுங்களா?"

முப்பத்தொன்பது வயதில் சிடி போடுகிற பையன். வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பற்றி வெளியே என்ன சொல்கிறார்கள் என்பது ஒருவழியாகத் தெரிந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே அவளுக்குத் தலையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி. அப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கண் மங்குகிறது. கோயமுத்தூரில் ஒரு சர்ஜன் புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய படம் வேண்டும் என்கிறார். புள்ளி அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தால் தொட வேண்டியதில்லையாம், கண்ணுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பாராம். வளர்ந்திருந்தால் திறந்தாக வேண்டுமாம். திறந்தால் அந்தக் கண்ணே போனாலும் போகலாமாம். அவளிடமிருந்த ஃபிலிம் போன மழையில் ஒழுகின தண்ணீரில் நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதாம். ஸ்கேன் ஃபிலிமைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறவர்களை என்ன செய்வது.

பெயரை அடித்துத் திறந்து பார்த்தேன். இருந்தது, எல்லாமே இருந்தது. கண்ணுக்குப் பின்னால் அந்தப் புள்ளியும் இருந்தது. சிடியில் போட இரண்டு நிமிட வேலை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க இது ஜெராக்ஸ் கடை இல்லை. சர்ஜனிடமிருந்து லெட்டர் வேண்டும் என்றேன். அவர் வாயால்தான் சொன்னார் என்றாள். எழுத்தில் வாங்கி வாருங்கள், சனிக்கிழமை பார்க்கலாம் என்றேன். கம்பெனியில் லீவு தர மாட்டார்கள் என்று இழுத்தாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றேன். போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள், அதையும் சொல்ல வேண்டும்.

மத்தியானம் ஸ்கேன் மெஷினில் ஏதோ பாகம் மாற்றினார்கள். யாரையாவது படுக்க வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். கழுத்து வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே தம்பி, சும்மாதானே, படுங்கள் என்றார் சென்னியப்பன். இந்த சென்டரில் அவர் செய்த முதல் உருப்படியான காரியம். படுத்தேன். உட்கார்ந்தே கிடப்பதால் கழுத்தின் வளைவு நேராகிவிட்டது, கொஞ்சம் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். பயிற்சி செய்ய இங்கே யாருக்கு நேரம்.

செப்டம்பர் 12, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட மறந்துவிட்டாராம். மறக்காமல் செய்வது வாடகை வாங்குவது ஒன்றைத்தான்.

முகாமுக்குப் பந்தல் போடுகிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

கலாமணி லெட்டரோடு வந்தாள். மடிப்புக்கூட விழாமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று அவளாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னாள். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

திறந்தேன். நெற்றி இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே வந்தேன். கண் வர வேண்டிய இடத்தில் கழுத்தெலும்பு. அடுத்த படத்திலும் கழுத்தெலும்பு. அதற்கடுத்ததிலும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அவளுடைய மேல்தாடை வந்தது. யாரோ ஒரு சோம்பேறியின் கழுத்து. வளைவே இல்லாமல் கழி மாதிரி விறைத்து நிற்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத எவனோ ஒருவன் வந்து இவள் கண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அது என்னுதுங்களா?"

இல்லை, வேறு ஆளுடையது என்று சொல்லித் திரையைத் திருப்பிக்கொண்டேன். பொய் சொல்லவில்லையே. சர்வரில் சின்னக் கோளாறு, திங்கட்கிழமை காலையில் தருகிறேன் என்றேன். திங்கட்கிழமை மத்தியானம்தான் சர்ஜனைப் பார்க்க வேண்டும், அதற்குள் கிடைத்துவிடுமா என்று கேட்டாள். கிடைத்துவிடும் என்றேன்.

அவள் போனதும் மிச்சமிருந்த படங்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்தேன்.  

பிறகு டாக்டரிடம் போனேன். நாளைக்கு முகாமில் ஒரு படம்கூட டிஸ்கில் விழக் கூடாது என்றேன். சென்னியப்பன் பேனரைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இனி ஒருத்தர் மண்டைக்குள்ள இன்னொருத்தர் எலும்பு தெரிஞ்சா, ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறது நீங்கதான் சார்" என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு முகாமில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்த்தால் போதும் என்றார்.

செவ்வாய்க்கிழமையே இந்த வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விடிந்ததும் செக்கிங்கை ஓடவிட்டேன். வெளியே பந்தலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. உள்ளே சர்வர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனது.

காலிக் கணக்கு நம்பத் தகுந்ததே இல்லை. அது வெறும் சுருக்கம். கோப்புகள் சொல்வதுதான் உண்மை. எல்லாக் கோப்புகளிடமும் கேட்டு முடித்தால் புதிய கணக்கு தானாகக் கிடைத்துவிடும். காலி என்று காட்டிய எத்தனையோ இடங்களில் ஆள் இருந்தது தெரிந்து, வரிசையாகத் திருத்திக்கொண்டே போனது. இன்னும் யாரும் போய் உட்காராத இடங்கள் அவை. அந்தப் படங்களெல்லாம் பிழைத்தன. ஆனால் ஒரே கட்டத்தை இரண்டு கோப்புகள் என்னுடையது என்று சொன்னால், கடைசியில் எழுதியது யாரோ அவருடையதுதான் அங்கே இருக்கும். முதலில் இருந்தது இருந்ததுதான், திரும்பி வராது. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வந்துவிடும் என்று மத்தியானம் வரை காத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான்.

அப்படி இரண்டு பேர் உரிமை கேட்கும் இடங்களை அது தனியாகப் பட்டியல் போட்டது. பெரியவர் வயிற்றில் இருந்த பல் யாருடையது என்பது தெரிந்தது. பிறகு கலாமணியின் பெயர் வந்தது. பக்கத்தில் இன்னொரு பெயர்.

ஈஸ்வரமூர்த்தி. வயது 39. ஆண். கழுத்து. புதன்கிழமை மத்தியானம்.

நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்ப் பந்தலில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறீர்களா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டார். தினமும் நடக்கும் இந்தச் செக்கிங் ஏன் நடக்காமல் போனது, யார் நிறுத்தியது என்றார். சென்னியப்பன் சொல்லித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "நாந்தானுங்க மாப்ள நிறுத்தச் சொன்னேன். தம்பி மேல தப்பில்லீங்க" என்றார். இந்த ஆளைத் திட்டுவதற்கு ஒரு மாதமாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகப் போயிற்று. பழியைத் தானே ஏற்றுக்கொள்கிற ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பெரிய தொந்தரவு.

கழுத்து யாருடையது என்று டாக்டர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கலாமணி வந்தாள். மஞ்சள் நிறச் சேலை. கோயமுத்தூர் போவதற்காகத் தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

டாக்டரே அவளை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் உள்ள படங்கள் மட்டும் அழிந்துவிட்டன, மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று. மற்றதெல்லாம் அவளுக்கு எதற்கு. பிறகு சர்ஜனுக்குப் போன் போட்டுப் பேசினார். பழைய ரிப்போர்ட்டில் சின்னப் புள்ளி என்றுதான் இருக்கிறது, அளவு இல்லை, படம் இல்லாமல் வளர்ச்சி தெரியாது, இரண்டே வழிதான் என்றாராம் சர்ஜன். ஒன்று, இப்போதே திறந்துவிடுவது. இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருந்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. காத்திருக்கும் மூன்று மாதத்தில் கண் மேலும் மங்கினால், மங்கினது திரும்பி வராது. திறந்தாலும் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. யோசித்து அவளே முடிவு சொல்ல வேண்டுமாம். அவள் என்னத்தை வைத்து யோசிப்பாள்.

மிச்சமிருந்த படங்களைச் சிடியில் போட்டு வைத்திருந்தேன். அதை வாங்கிக்கொள்ள என் அறைக்கு வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. வந்து உட்கார்ந்தாள். துணியில் ஓட்டை தேடுகிறவர்கள் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமை நான் வந்தப்ப இருந்துச்சுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சென்னியப்பன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், ஆமாம் என்று அவரும் சொல்லியிருப்பார். நான் திறந்து பார்த்ததற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. இந்த டைரியைத் தவிர.

"இருந்துச்சுங்க" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நியாயமாகத் திட்டியிருக்க வேண்டும். அவள் முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்க சொல்லலாமுங்களே. எத்தாச்சோடு இருந்துச்சுங்க?"

புள்ளி எவ்வளவு பெரிது என்று கேட்கிறாள் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. கட்டைவிரல் நகத்தைச் சுண்டுவிரல் நுனியில் வைத்து, இத்தாச்சோடா என்று கேட்டாள். பிறகு நகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். "இல்ல, இத்தாச்சோடுங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு புதன்கிழமையை நினைத்துப் பார்த்தேன். அவள் பெயரை அடித்தது ஞாபகம் வந்தது. படம் திறந்தது ஞாபகம் வந்தது. அவள் என்னைப் பையன் என்று சொன்னதும், லெட்டர் கேட்டபோது அவள் முகம் போன போக்கும், அதில் எனக்கு இருந்த திருப்தியும் அப்படியே நினைவிருந்தன. அந்தப் புள்ளியை நான் பார்த்தேன். எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்க்கவில்லை.

அவள் விரலை நீட்டியபடியே இருந்தாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.